புரோட்டானின் சுழற்சிக் கணக்கு

தாப்பாவிலிருந்து மேல்சிகிச்சைக்காக ஈப்போவுக்கு அனுப்பப்படும் நோயாளி ஒருவர், எம்.ஆர்.ஐ. என்று பாமரரும் சொல்லிப் பழகிவிட்ட காந்த அதிர்வுக் கருவியின் குழலுக்குள் படுக்கவைக்கப்படும்போது, அங்கே படமெடுக்க உதவுவன அவருடைய தேகத்திலுள்ள நீரிலும் கொழுப்பிலும் அடங்கிய ஹைட்ரஜன் அணுக்களின் கருக்களேயாகும். ஹைட்ரஜனின் கரு ஒற்றைப் புரோட்டான். அந்தப் புரோட்டானுக்குத் தற்சுழற்சி என்ற பிறவிக்குணம் ஒன்று உண்டு. அக்குணத்தின் பயனாக அது நுண்ணிய காந்தமாகவும் விளங்குகிறது. மருத்துவமனைகளில் சாதாரணமாகப் பயன்படும் 1.5 டெஸ்லா காந்தப் புலத்தில் பத்து லட்சம் புரோட்டான்களை எடுத்துக்கொண்டால், புலத்தின் திசையை நோக்கி நிற்பவை, எதிர்த்திசையை நோக்கி நிற்பவற்றைக் காட்டிலும் ஏறத்தாழ ஐந்து மட்டுமே அதிகமாக இருக்கும். அந்த ஐந்தின் உபகாரத்தால்தான் மூளையின் கட்டியும் முதுகெலும்பின் விலகலும் வைத்தியரின் கண்ணுக்குப் புலனாகின்றன.

பேராக் மாநிலத்துக்கு ஒரு காலத்தில் பெருஞ்செல்வம் ஈட்டித்தந்த வெள்ளீயத்திலும் இந்தச் சுழற்சியின் விசேஷத்தைக் காணலாம். கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈய லம்பங்களில் சலித்தெடுக்கப்பட்ட அந்த உலோகத்துக்கு நிலையான ஐசோடோப்புகள் பத்து. வேறு எந்தத் தனிமத்துக்கும் இத்தனை இல்லை. அவற்றுள் 115, 117, 119 என்னும் நிறை எண்களையுடைய மூன்றின் கருக்களுக்கு மாத்திரம் சுழற்சி அரை. எஞ்சிய ஏழுக்கும் பூஜ்யம். கருவிலுள்ள புரோட்டான்களும் நியூட்ரான்களும் இணையிணையாகச் சேர்ந்து ஒன்றின் சுழற்சியை மற்றொன்று ஈடுசெய்துவிட, இணையற்று எஞ்சி நிற்கும் ஒரே நியூட்ரானின் சுழற்சியே கருவின் சுழற்சியாக வெளிப்படுகிறது என்று இதற்குச் சொல்லப்படும் விளக்கம் எளிமையானது, பெரும்பாலும் சரியானதுங்கூட. ஆகவே நியூக்ளியான் என்று பொதுப்பெயர் பெறும் புரோட்டான், நியூட்ரான் ஆகியவற்றின் உள்ளேயும் இவ்வாறே எளிய கூட்டல் கழித்தல் கணக்கு நடக்கும் என்று அறிஞர்கள் எதிர்பார்த்ததில் வியப்பில்லை. அந்த எதிர்பார்ப்பு எவ்விதம் பொய்த்தது, பொய்த்ததைக் கண்டறிந்த பரிசோதனைகள் எத்தன்மையன, இன்று அக்கணக்கு எந்நிலையில் நிற்கிறது என்பவற்றையே இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

சிதறலைக்கொண்டு சுழற்சியை அறியலாம் என்ற எண்ணம் தமிழுலகுக்குப் புதியதன்று. திருச்சிராப்பள்ளியில் 1888ஆம் ஆண்டு பிறந்த சந்திரசேகர வேங்கடராமன், ஒளிச்சிதறல் ஆராய்ச்சிக்காக 1930இல் நோபெல் பரிசு பெற்றதை அறியாத தமிழர் இலர். ஆனால் அதற்கடுத்த ஆண்டில், சூரி பகவந்தம் என்ற தம் உடனாராய்ச்சியாளரோடு சேர்ந்து, ஒளித்துகளின் சுழற்சிக்குப் பரிசோதனை வாயிலான நிரூபணம் என்ற பொருளில் கல்கத்தாவிலிருந்து அவர் வெளியிட்ட ஆய்வுரையை அறிந்தவர் மிகச் சிலரே. மூலக்கூறுகளில் பட்டுச் சிதறும் ஒளியின் அதிர்வுத் தளம் எந்த அளவுக்குக் குலைகிறது என்பதை அளந்து, ஒளியின் ஒவ்வொரு துகளும் பிளாங்க் மாறிலியால் குறிக்கப்படும் இயற்கை அலகில் ஒன்று என்ற அளவு கோண உந்தத்தைச் சுமந்து செல்கிறது என்று கொண்டாலன்றி அவ்வளவைகளுக்குச் சமாதானம் கூறவியலாது என்று அவ்விருவரும் வாதித்தனர். இன்றைய பாடநூல்கள் இதற்குச் சான்றாக எடுத்துக்காட்டுவது, வட்டமாகச் சுழலும் ஒளி ஒரு மெல்லிய படிகத்தகட்டைத் திருகுவதை நேரே அளந்து காட்டிய ரிச்சர்டு பெத் என்பவரின் 1936ஆம் ஆண்டுப் பரிசோதனையைத்தான். இராமனின் வாதம் அத்துணை நேரடியானதன்று என்பதை ஒப்புக்கொள்வதே நியாயம். எனினும் சிதறல் என்னும் கருவியால் சுழற்சி என்னும் நுட்பமான குணத்தை விசாரிக்கலாம் என்ற துணிவு அங்கேயிருந்தது. பின்னே நாம் காணப்போவதுபோல், ஒளித்துகளுக்கு அவர்கள் கோரிய அந்த ஓர் அலகு சுழற்சியே புரோட்டானின் உள்ளே புகுந்து பார்க்கும் நெம்புகோலாக அரை நூற்றாண்டுக்குப் பின் பயன்பட்டது.

புரோட்டானுக்குச் சுழற்சி அரை என்பது 1927இலேயே, ஹைட்ரஜன் வாயுவின் வெப்பக் கொள்ளளவு தாழ்ந்த வெப்பநிலைகளில் மாறும் விதத்தைக்கொண்டு, டென்னிசன் என்ற அமெரிக்கரால் உய்த்துணரப்பட்டது. எலெக்ட்ரானுக்கும் அதே அரைதான். ஆதலின் இரண்டும் ஒரே இனத்தைச் சேர்ந்த மூலத்துகள்கள் என்று கருதியிருந்தவர்களுக்கு, 1933இல் ஹாம்பர்க் நகரில் ஓட்டோ ஸ்டெர்னும் அவருடைய குழுவினரும் செய்த அளவை முதல் அதிர்ச்சியை அளித்தது. எலெக்ட்ரானைப் போன்ற எளிய துகளாயின் புரோட்டானின் காந்தத் திறன் ஒன்று என்ற அளவில் நிற்கவேண்டும். ஸ்டெர்ன் கண்டதோ இரண்டரைக்கு அருகில். இன்று அது 2.79 என்று துல்லியமாகத் தெரியும். மின்னூட்டமே இல்லாத நியூட்ரானுக்குக் காந்தத் திறன் பூஜ்யமாக இருக்கவேண்டியிருக்க, எதிர்த்திசையில் 1.91 இருக்கிறது. நியூக்ளியான் என்பது உள்ளீடு உடைய பொருள் என்பதற்கு இவ்விரு எண்களே முதற் பிரமாணம்.

1964இல் கெல்-மானும் ஸ்வைக்கும் தனித்தனியே முன்வைத்த குவார்க் சித்தாந்தம் இந்த எண்களுக்கு அழகான விளக்கம் ஒன்றைத் தந்தது. புரோட்டானில் மூன்று குவார்க்குகள். ஒவ்வொன்றுக்கும் சுழற்சி அரை. இரண்டு ஒரு திசையையும் ஒன்று எதிர்த்திசையையும் நோக்க, நிகரமாக எஞ்சுவது அரை. இந்தக் கணக்கின்படி புரோட்டான், நியூட்ரான் ஆகியவற்றின் காந்தத் திறன்களின் விகிதம் ஒன்றரையாகவும் எதிர்க்குறி உடையதாகவும் இருக்கவேண்டும். அளவை தருவது 1.46. இத்தனை சொற்பமான முதலீட்டில் இத்தனை நெருங்கிய விடை கிடைத்ததும், புரோட்டானின் சுழற்சி முழுவதும் குவார்க்குகளின் சுழற்சியே என்பது நிரூபணம் வேண்டாத சத்தியம்போல் ஆகிவிட்டது. மூன்று உருண்டைகளும் அவற்றைத் துளைத்துச் செல்லும் மூன்று அம்புகளுமாகப் பாடநூல்களில் இன்றும் அச்சிடப்பட்டுவரும் அந்தச் சித்திரம் அக்காலத்துப் பிதுரார்ஜிதமே.

சித்திரம் வரைவது வேறு, உள்ளே நுழைந்து பார்ப்பது வேறு. நுழைந்து பார்க்கும் வழியைத் திறந்தவை எலெக்ட்ரான் சிதறல் பரிசோதனைகள். ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஹாஃப்ஸ்டாட்டர் 1950களில் செய்த மீட்சிச் சிதறல்கள் புரோட்டான் ஒரு புள்ளியன்று, பருமன் உடையது என்று காட்டின. அதற்காக அவருக்கு 1961இல் நோபெல் பரிசு கிடைத்தது. பிறகு அதே வளாகத்தில் 3.2 கிலோமீட்டர் நீளத்துக்கு எழுந்த நேர்கோட்டு முடுக்கியில், ஃபிரீட்மன், கெண்டல், டெய்லர் ஆகியோரின் தலைமையில் 1967 முதல் நடந்த சோதனைகளில், புரோட்டானைச் சிதைக்குமளவுக்கு வன்மையாக மோதிய எலெக்ட்ரான்கள், உள்ளே புள்ளிபோன்ற கடினமான பொருள்கள் இருந்தாலன்றி விளக்கமுடியாத அளவுக்குப் பெருங்கோணங்களில் தெறித்தன. ஆழ்ந்த மீட்சியற்ற சிதறல் என்று பெயர் பெற்ற இம்முறையே அப்புள்ளிகளைக் குவார்க்குகள் என்று அடையாளம் காட்டிற்று. மூவருக்கும் 1990இல் நோபெல் பரிசு வந்தது. குவார்க்குகளின் மின்னூட்டம் பின்னமா முழுமையா என்ற சர்ச்சை எழுந்தபோது, தமிழகத்து அறிஞர் ஜி. ராஜசேகரன், புரபீர் ராய் என்பவரோடு சேர்ந்து, முழு மின்னூட்டமுள்ள குவார்க்குகளுங்கூட இவ்வகைச் சிதறலில் பின்ன மின்னூட்டம் உள்ளவைபோலவே தோற்றமளிக்கக்கூடும் என்று 1975 வாக்கில் காட்டியதை, நம்மவரின் பங்களிப்பு என்ற முறையில் இவ்விடத்தில் குறிப்பிடுவது பொருந்தும்.

ஆனால் இச்சோதனைகளில் சுழற்சியின் சுவடே இல்லை. தெறித்துவரும் எலெக்ட்ரான்களை எண்ணினால் குவார்க்குகள் எத்தனை வேகத்தோடு உள்ளே ஓடுகின்றன என்பது தெரியும். அவற்றின் அம்புகள் எத்திசையை நோக்குகின்றன என்பது தெரியாது. அதை அறிவதற்கு மோதும் துகளுக்கும் மோதப்படும் துகளுக்கும் சுழற்சித் திசையை நாமே நிர்ணயித்துக் கொடுத்தாக வேண்டும். அதன் தத்துவம் இது: எலெக்ட்ரானோ அதன் கனத்த உறவான மியுவானோ புரோட்டானைத் தாக்கும்போது, உண்மையில் குவார்க்கைச் சென்று அடிப்பது அது உமிழும் ஒரு கணநேர ஒளித்துகளே. அவ்வொளித்துகளுக்குச் சுழற்சி ஒன்று, குவார்க்குக்கு அரை. அரை அளவே தாங்கவல்ல குவார்க், ஓர் அலகு சுழற்சியோடு வரும் ஒளித்துகளை விழுங்கவேண்டுமாயின், முதலில் அதற்கு எதிர்த்திசையை நோக்கி நின்று, விழுங்கிய பின் திசைமாறி நிற்பது ஒன்றே வழி. ஒத்த திசையில் நிற்கும் குவார்க்கால் விழுங்க இயலாது. ஆகவே ஒளித்துகளின் திசையை நாம் தேர்ந்துகொண்டால், எந்தத் திசையை நோக்கும் குவார்க் விழுங்கவேண்டும் என்பதையும் நாமே தேர்ந்தவர்களாகிறோம். கல்கத்தாவில் மூலக்கூறுகளின்மேல் பட்ட ஒளியைக்கொண்டு இராமன் வாதித்த அந்த ஓர் அலகே இங்கே குவார்க்குகளை இனம்பிரிக்கும் சல்லடை.

தத்துவம் எளிது, அதை நடைமுறைப்படுத்துவதற்குப் பட்ட பாடு பெரிது. தாக்கும் துகள்களை ஒரு திசைப்படுத்துவதில் இயற்கையே கொஞ்சம் துணைசெய்தது. பையான்கள் சிதைந்து மியுவான்கள் பிறக்கும்போது, இடம் வலம் என்ற வேறுபாட்டைப் பாராட்டும் மெல்விசையின் இயல்பினால், அம்மியுவான்கள் சுழற்சி ஒருமுகப்பட்டே பிறக்கின்றன. ஜெனீவாவில் உள்ள செர்ன் ஆய்வகத்தின் மியுவான் கற்றை இவ்வாறு ஏறத்தாழ எண்பது சதவீதம் ஒருமுகப்பட்டது. மோதப்படும் புரோட்டான்களைத் திசைப்படுத்துவதுதான் பகீரதப் பிரயத்தனம். மருத்துவமனைக் காந்தத்தில் பத்து லட்சத்துக்கு ஐந்து என்றோமே, காந்தத்தை 2.5 டெஸ்லாவுக்கு உயர்த்தி வெப்பநிலையைத் தனிப்பூஜ்யத்துக்கு மேல் ஒரே ஒரு கெல்வினுக்கு இறக்கினாலும் அந்தப் புரோட்டான்களில் கால் சதவீதமே ஒரு திசைப்படும். அதே நிலையில் எலெக்ட்ரான்களோ தொண்ணூறு சதவீதத்துக்கும் மேல் ஒரு திசைப்பட்டு நிற்கும்; ஏனெனில் அவற்றின் காந்தத் திறன் புரோட்டானைக் காட்டிலும் அறுநூற்றைம்பது மடங்குக்கு மேற்பட்டது. எனவே தகுந்த அதிர்வெண்ணுள்ள நுண்ணலைகளைப் பாய்ச்சி, எலெக்ட்ரான்களின் ஒழுங்கைப் பக்கத்திலுள்ள புரோட்டான்களுக்குக் கடத்திவிடுகிறார்கள். உறைந்த அம்மோனியாவிலும் உறைந்த பியூட்டனாலிலும் இவ்வாறு எண்பது சதவீதத்தை எட்டவும் அதனைத் தாண்டவும் முடிந்திருக்கிறது.

இத்தனையும் செய்த பிறகு கிடைக்கும் சமிக்ஞை எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்த்தால், இத்துறையினரின் பொறுமைக்கு வணக்கம் செலுத்தத் தோன்றும். அம்மோனியாவின் ஒரு மூலக்கூறில் உள்ள பதினேழு நியூக்ளியான்களில் நமக்கு வேண்டிய ஹைட்ரஜன் கருக்கள் மூன்று. எஞ்சிய பதினான்கும் நைட்ரஜனில் அடங்கிக்கிடந்து வீண் சிதறலைப் பெருக்குவன. மூன்றைப் பதினேழால் வகுத்து, கற்றையின் எண்பது சதவீதத்தாலும் இலக்கின் எண்பது சதவீதத்தாலும் பெருக்கினால் கிடைப்பது பதினொரு சதவீதம். புரோட்டானில் உண்மையாக இருக்கும் வேறுபாடு பத்துச் சதவீதமாயின், எண்ணிக்கையில் நாம் காண்பது ஒரு சதவீதமே. சுழற்சியின் முழுப்பங்கும் ஒளித்துகளுக்குச் சென்றடையாததால் அதுவும் இன்னும் குறையும். ஒரு சதவீத வேறுபாட்டை அதில் பத்தில் ஒரு பங்கு துல்லியத்தோடு அறிவதற்குப் பத்து லட்சம் சிதறல்களையேனும் எண்ணியாகவேண்டும். அவ்வாறு எண்ணும் நெடுங்காலத்தில் கருவியின் ஒரு மூலை சற்றே மங்கினாலும் போதும், ஒரு சதவீதப் பொய் வேறுபாடு தானே முளைத்துவிடும். இந்த அபாயத்தைத் தவிர்க்க, இலக்கை இரு கூறாக்கி, ஒன்றின் புரோட்டான்களை ஒரு திசையிலும் மற்றதன் புரோட்டான்களை எதிர்த்திசையிலும் நிறுத்தி, ஒரே கற்றையை இரண்டினூடேயும் செலுத்தி, அவ்வப்போது இரண்டின் திசைகளையும் மாற்றி மாற்றி எண்ணினார்கள். இந்த எளிய உபாயமே செர்னின் முடிவுகள்மேல் நம்பிக்கை வைக்கச் செய்தது என்பது என் அபிப்பிராயம். அதற்குப் பின் வந்த சுத்தமான சித்தாந்தங்களைக் காட்டிலும் இது மதிப்புடையது.

இத்துறையின் முன்னோடி யேல் பல்கலைக்கழகத்து வெர்னன் ஹியூஸ். ஒருமுகப்பட்ட எலெக்ட்ரான்களை ஒருமுகப்பட்ட பியூட்டனால் இலக்கின்மேல் செலுத்தி, 1970களின் நடுவில் ஸ்டான்போர்டில் அவர் குழு எடுத்த முதல் அளவைகள் குவார்க் சித்திரத்தோடு ஒத்துப்போயின, எல்லோரும் திருப்தியடைந்தார்கள். ஆனால் அந்த முடுக்கியின் சக்தி, புரோட்டானின் உந்தத்தில் பெரும்பங்கைச் சுமக்கும் குவார்க்குகளை மாத்திரமே எட்டிப்பிடித்தது. சிறுபங்கைச் சுமக்கும் கூட்டத்தைத் தொடவில்லை. தொட்டது செர்னின் ஐரோப்பிய மியுவான் கூட்டுக்குழு. 100 முதல் 200 ஜிகா எலெக்ட்ரான் வோல்ட்டு வரையிலான மியுவான் கற்றையைக்கொண்டு அவர்கள் 1987இல் அறிவித்து 1988இல் வெளியிட்ட முடிவு இயற்பியலாரைத் திடுக்கிட வைத்தது. எல்லிஸும் ஜாஃபேயும் 1974இல் வகுத்த விதிப்படி 0.19 அளவுக்கு இருக்கவேண்டிய தொகை 0.11 என்றே வந்தது. அதைச் சுழற்சியின் பாஷையில் மொழிபெயர்த்து, 1989இன் விரிவான அறிக்கையில் அவர்கள் தந்த எண் 0.12, அதாவது புரோட்டானின் சுழற்சியில் குவார்க்குகளின் பங்கு நூற்றுக்குப் பன்னிரண்டு. பிழை எல்லைகளைக் கணக்கில் கொண்டால் பூஜ்யத்தோடும் அது பொருந்தும். லீடரும் அன்செல்மினோவும் அந்த 1988இலேயே எழுதிய கட்டுரையொன்றின் தலைப்பில், புரோட்டானின் சுழற்சி எங்கே போயிற்று என்று அலறினார்கள். சுழற்சி நெருக்கடி என்ற பெயர் நிலைத்துவிட்டது.

நெருக்கடி என்பது சற்று மிகையான பட்டமென்றே எனக்குத் தோன்றுகிறது. எளிய குவார்க் சித்திரம், அசையாமல் அமர்ந்திருக்கும் கனமான மூன்று துகள்களைக் கருதியது. உண்மைக் குவார்க்குகள் ஏறத்தாழ ஒளியின் வேகத்தில் ஓடுவன; அவ்வாறு ஓடும் துகளின் கோண உந்தத்தில் ஒரு பகுதி அதன் சொந்தச் சுழற்சியைவிட்டு அதன் சுற்றியக்கத்துக்குப் போய்விடுகிறது என்பது டிராக் சமன்பாட்டை அறிந்த எவருக்கும் தெரியும். இதைச் சேர்த்துக் கணக்கிட்டவர்கள் 1988க்கு முன்பே நூற்றுக்கு அறுபது என்ற மதிப்பீட்டை வைத்திருந்தார்கள். ஆகவே நூறுக்கும் பன்னிரண்டுக்கும் இடையே இருந்ததாகப் பேசப்பட்ட அகழி, நேர்மையாகப் பார்த்தால், அறுபதுக்கும் பன்னிரண்டுக்கும் இடைப்பட்டது. அதுவும் சிறிதன்று.

பன்னிரண்டு என்ற எண்ணும் நிலைக்கவில்லை. ஹியூஸே தலைமையேற்ற அடுத்த செர்ன் குழுவும், ஸ்டான்போர்டில் புதிதாகத் தொடங்கிய வரிசையும், ஹாம்பர்க்கின் வளையத்தில் 27.5 ஜிகா எலெக்ட்ரான் வோல்ட்டுக் கற்றையை உறைந்த திடப்பொருளுக்குப் பதிலாகத் தூய அணுக்களின் வாயுவின்மேல் செலுத்தி 1995 முதல் 2007 வரை நடந்த ஹெர்மெஸ் பரிசோதனையும், செர்னிலேயே 2002இல் தொடங்கிய காம்பஸ் பரிசோதனையும் தொடர்ந்து அளந்து, பிழை எல்லையைச் சுருக்கி, அப்பங்கை ஏறத்தாழ மூன்றில் ஒன்று என்ற இடத்தில் நிறுத்தியிருக்கின்றன. கடைசியாகக் கூறிய காம்பஸில் கல்கத்தாவின் மாத்ரிவாணி ஆராய்ச்சி நிறுவனத்தாரும் பங்கேற்றார்கள் என்பதை இராமனின் கல்கத்தாவை நினைப்பவர்கள் கவனிக்கலாம். இன்னொன்றையும் சொல்லவேண்டும்: புரோட்டான், நியூட்ரான் இரண்டின் அளவைகளுக்கும் இடையிலான வித்தியாசத்தைப் பற்றி பியோர்கன் 1966இல் ஒரு விதியை வகுத்துவிட்டு, அக்காலத்தில் எவராலும் சோதிக்கவியலாததென்று கருதித் தாமே அதைப் பயனற்றதென ஒதுக்கியிருந்தார். அந்த விதி இன்று பத்துச் சதவீதத்துக்குள் உறுதிப்பட்டிருக்கிறது. குவார்க்குகளின் இயக்கவியலே தவறோ என்று 1988இல் எழுந்த சந்தேகத்தை இதுதான் தீர்த்துவைத்தது. சித்தாந்தத்தின் அஸ்திவாரம் சரி, அதன்மேல் நாம் கட்டிய சித்திரம்தான் தவறு.

தோட்டங்களில் பால்மரம் சீவி வாழ்ந்த குடும்பங்களில் பிறந்தவர்களுக்கு மூன்றில் ஒன்று என்ற எண் பழக்கமானதே: வாளியில் வந்துசேரும் பாலை நிறுத்த பின், அதில் கலந்த ரப்பர் எவ்வளவென்று மெட்ரோலாக் கருவியை மிதக்கவிட்டுப் பார்த்தால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர் என்று காட்டும், கூலிக்கணக்கு அதைக்கொண்டே எழுதப்பட்டது. பாலில் எஞ்சியது பெரும்பாலும் நீர் என்பது கண்ணுக்குத் தெரியும். புரோட்டானின் சுழற்சியில் எஞ்சிய மூன்றில் இரண்டு பங்கு எதனால் ஆனது என்பதுதான் கடந்த முப்பது ஆண்டுகளின் வழக்கு.

முதலில் ஐயத்துக்குள்ளானவை குவார்க்குகளைப் பிணைத்துவைக்கும் குளுவான்கள். புரோட்டானின் உந்தத்தில் ஏறத்தாழப் பாதியை அவையே சுமக்கின்றன என்பது முன்பே தெரியும், சுழற்சியையும் சுமக்கலாமல்லவா? 1988இலேயே சிலர் இதைவிடத் துணிச்சலான யோசனை ஒன்றைச் சொன்னார்கள்: குளுவான்களின் சுழற்சி மிகப் பெரியதாக இருந்து, நாம் குவார்க்கென்று அளப்பதையே அது மறைமுகமாகக் குறைத்துக்காட்டுகிறது, மறைப்பை நீக்கினால் குவார்க்குகளின் பழைய பங்கு திரும்பிவிடும். கருத்து சாதுரியமானது. ஆனால் அது நிறைவேற வேண்டுமாயின் குளுவான்களின் சுழற்சி புரோட்டானின் மொத்தச் சுழற்சியைப்போல் பல மடங்கு இருக்கவேண்டும். அதைச் சோதிக்க ஒளித்துகள் உதவாது, ஏனெனில் குளுவானுக்கு மின்னூட்டம் இல்லை. குளுவானைக் குளுவானாலேயே அடிக்கவேண்டும். நியூயார்க்கை அடுத்த புரூக்ஹேவனில் 3.8 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வளையத்தில், எதிரெதிரே ஓடும் இரு புரோட்டான் கற்றைகளையும் ஒருமுகப்படுத்தி மோதவிட்டது இதற்காகவே. ஓடும் கற்றையின் சுழற்சி வளையத்தில் சுற்றச் சுற்றக் குலைந்துபோகாதபடி, நோவோசிபிர்ஸ்க் விஞ்ஞானிகள் வகுத்த சைபீரியப் பாம்புகள் என்னும் திருகுகாந்தங்கள், ஒவ்வொரு சுற்றிலும் திசையைப் புரட்டிப் பிழைகளை ஒன்றோடொன்று கழித்துவிட்டன. 2009இல் எடுத்த தரவுகளைச் சேர்த்து 2014இல் வெளிவந்த ஆய்வு, குளுவான்களின் சுழற்சி பூஜ்யமல்ல என்று முதன்முறையாகத் தெளிவுபடுத்தியது: புரோட்டானின் உந்தத்தில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் சுமக்கும் குளுவான்களுக்கு மட்டும் 0.20, புரோட்டானின் மொத்தச் சுழற்சியோ 0.50. ஐந்தில் இரண்டு பங்கு கணிசமானதே. ஆயினும் அந்தச் சாதுரியக் கருத்தைக் காப்பாற்றப் போதாது. கணினியில் வெளியையும் காலத்தையும் வலைக்கட்டங்களாகப் பிரித்துச் செய்த 2017ஆம் ஆண்டுக் கணக்கொன்றும் குளுவான்களுக்கு 0.25 என்ற விடையைத் தந்தது.

எஞ்சுவது சுற்றியக்கம். இங்கேதான் விஷயம் தத்துவ விசாரத்தில் கலக்கிறது. ராபர்ட் ஜாஃபேயும் இந்திய வம்சாவளியினரான அனீஷ் மனோகரும் 1990இல் வகுத்த பிரிவினையில் குவார்க்கின் சுழற்சி, குளுவானின் சுழற்சி, குவார்க்கின் சுற்றியக்கம், குளுவானின் சுற்றியக்கம் என்று பங்குதாரர் நால்வர். சியாங்டாங் ஜி 1997இல் வெளியிட்ட பிரிவினையில் மூவர்தாம். குளுவானின் சுழற்சியும் சுற்றியக்கமும் அங்கே தனித்தனியே நில்லாமல் ஒன்றாகவே நிற்கும், குவார்க்கின் சுற்றியக்கத்துக்கும் முன்னதில் உள்ள மதிப்பு இராது. இரண்டிலும் கூட்டுத்தொகை அரையே. ஒன்று சரி, மற்றது தவறு என்று தீர்ப்பதற்கில்லை. மோதலில் நேரே அளக்கத்தக்க எண்ணோடு எந்தப் பங்கு இணைகிறது என்பதைப் பொறுத்தே ஒவ்வொன்றின் பயனும் அமைகிறது. ஜி செய்த உபகாரம், ஒளித்துகளை விழுங்கிய புரோட்டான் உடையாமல் வேறொரு ஒளித்துகளை உமிழும் அபூர்வமான சிதறலிலிருந்து தம் பிரிவினையின் பங்குகளை அளக்க வழியுண்டு என்று காட்டியதாகும். அவ்வகைச் சிதறல் ஹாம்பர்க்கிலும் வர்ஜீனியாவின் ஜெஃபர்சன் ஆய்வகத்திலும் 2001இல் முதன்முதலாகக் காணப்பட்டது. சுற்றியக்கத்துக்கு எண் எழுதும் அளவுக்கு அது இன்னும் வளரவில்லை.

இத்தகைய பரிசோதனைகளை விளக்குவதற்கு வேண்டிய நுண்ணிய கணிப்புகளில், அல்லாடி ராமகிருஷ்ணன் 1962ஆம் ஆண்டு ஜனவரி 3ஆம் நாள் சென்னையில் தொடங்கிவைத்த கணித அறிவியல் நிறுவனத்துக்கும் பங்குண்டு. ஒருமுகப்பட்ட துகள்கள் மோதும்போது வரும் உயர்வரிசைத் திருத்தங்களைக் கணக்கிட்டவர்களில் அந்நிறுவனத்து வி. ரவீந்திரன் ஒருவர். தீபகற்ப மலேசியாவைப் பொறுத்தவரை, மலாயாப் பல்கலைக்கழகத்தார் செர்னின் சி.எம்.எஸ். பரிசோதனையில் சேர்ந்திருக்கிறார்கள், சுழற்சி ஆராய்ச்சி அதன் நோக்கமன்று.

இனி நடக்கவேண்டியது புரூக்ஹேவனில். பழைய வளையம் இருந்த சுரங்கத்திலேயே, 18 ஜிகா எலெக்ட்ரான் வோல்ட்டு வரையிலான எலெக்ட்ரான்களையும் 275 வரையிலான புரோட்டான்களையும், இரண்டையும் எழுபது சதவீத அளவுக்கு ஒருமுகப்படுத்தி மோதவிடும் இயந்திரம் ஒன்றை அமைக்க 2020ஆம் ஆண்டு ஜனவரியில் இடம் தேர்ந்தெடுக்கப்பட்டது. உந்தத்தில் மிகச் சிறுபங்கைச் சுமக்கும் குளுவான்களின் சுழற்சியை, இதுவரை எவரும் எட்டாத அந்தப் பகுதியில், அது அளக்கும். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் உள்ளிட்ட இந்திய நிறுவனங்கள் அதன் முயற்சிகளில் இடம்பெற்றுள்ளன. 2030களின் நடுவில் அது இயங்கத் தொடங்கலாம் என்கிறார்கள். தாப்பாவின் தமிழ்ப்பள்ளியில் இன்று ஆறாம் ஆண்டு பயிலும் பிள்ளைகள் அப்போது பட்டம் பெற்று ஆராய்ச்சிக்குத் தகுதிபெறும் பருவத்தினராக இருப்பர். இயற்பியல் கடினம், அதனால் உத்தியோகம் கிடைக்காது என்று சொல்லி, ஐந்தாம் படிவத்தோடு அப்பாடத்தை அவர்களிடமிருந்து பிடுங்கிவிட வேண்டாமென்று பெற்றோரையும், மூன்று உருண்டைகளும் மூன்று அம்புகளும் கொண்ட அந்தச் சித்திரத்தைக் கரும்பலகையில் வரையும்போது, அம்புகளின் பங்கு மூன்றில் ஒன்றுதான் என்பதையும் சேர்த்துச் சொல்லும்படி ஆசிரியர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.